வேலை நேரத்தில் வந்த விருந்தாளி

சிவகாசிப் பக்கம் தாயில்பட்டி விலக்கில் காலை ஏழு மணிக்கு முன்பே பட்டாசுக் கம்பெனி வண்டிகள் வந்து நின்றுவிடுகின்றன. பள்ளிக்கூடத்துக்கு ஓடி ஓய்ந்த பழைய பேருந்துகள், வேன்கள். கையில் தூக்குவாளி, சேலைக்கு மேல் வீட்டு ஆண்களின் பழைய முழுக்கைச் சட்டை என்று பெண்கள் ஏறிக்கொண்டிருக்கிறார்கள். வெடிமருந்து உடம்பில் படியக்கூடாது என்பதற்காகத்தான் சட்டை. அதன் முன்பக்கத்தில், எத்தனை முறை துவைத்தாலும் போகாத ஒரு சாம்பல் மினுக்கம். அலுமினியப் பவுடர் அது.

என்னோடு வந்திருந்தவள் என் அக்கா மகள். அக்கா சிவகாசியில் பிறந்து, இங்கிலாந்தின் லெஸ்டர் நகரத்துக்கு வாழ்க்கைப்பட்டுப் போனவள். மகள் அங்கேயே பிறந்து பொதுச் சுகாதாரம் படிக்கிறாள். கோடை விடுமுறையில் இந்தியக் கிராமத்தில் தொண்டு செய்ய வேண்டும் என்று ஓர் ஏற்பாட்டாளரிடம் பணம் கட்டி வந்திருந்தாள். சம்பளமில்லாமல் வேலை செய்ய வருகிறவர்தான் பணமும் கட்ட வேண்டும். உலகம் முழுக்க இப்போது இது நல்ல வியாபாரம். அவர்கள் கொண்டுபோய் விட்ட ஊரில் ஒரு பள்ளிச் சுவருக்கு வர்ணம் பூசச் சொன்னார்களாம். போன வருஷம் வந்தவர்கள் பூசிய வர்ணம் அப்படியே பளிச்சென்று இருந்ததாம். இரண்டாவது வாரமே எனக்கு போன் செய்துவிட்டாள்: "மாமா, அம்மா ஊருக்குக் கூட்டிட்டுப் போங்க. அங்க ஏதாவது நிஜமான வேலை இருக்கும்."

அந்த நிஜமான வேலைக்காக நாற்பது கேள்விகள் கொண்ட ஒரு படிவத்தைத் தமிழில் தட்டச்சு செய்து வைத்திருந்தாள். இருமல் உண்டா, எத்தனை நாளாக, வேலையிடத்தில் முகக்கவசம் தருகிறார்களா, இப்படி. வண்டிக்கு நின்ற ஒரு அம்மாளிடம் முதல் கேள்வியை ஆரம்பித்தாள். அந்த அம்மாள் சிரித்துக்கொண்டே படிக்கட்டில் கால் வைத்துவிட்டார். "தாயி, இது பீஸ் ரேட்டு. அங்கன போயி உக்காந்தாத்தான் காசு. ராத்திரி ஊருக்கு வா, கதை பேசலாம்."

அன்று முழுவதும் நாங்கள் சுற்றியதில் உருப்படியான முதல் தகவல் அதுதான். இவள் நேரத்துக்கு விலை கிடையாது, விடுமுறை. எதிரே நிற்கும் பெண்ணுக்கு ஒவ்வொரு நிமிஷத்துக்கும் விலை உண்டு. நாற்பது கேள்விக்கு அரை மணி நேரம் என்றால், அந்த அரை மணிக்கான கூலி யார் கையிலிருந்து போகிறது?

ஒரு ஆலைக்குள் போய்ப் பார்க்க முன்பே சொல்லி அனுமதி வாங்கியிருந்தேன். ஆலை என்று எழுதுகிறோம். இந்தப் பக்கத்தில் யாரும் அப்படிச் சொல்வதில்லை, பயர் ஆபீஸ் என்பார்கள். தீப்பெட்டி என்றால் தீப்பெட்டி ஆபீஸ். வாசலிலேயே கைப்பேசி, கைக்கடிகாரம், செருப்பு எல்லாம் வாங்கி வைத்துக்கொண்டார்கள். அவள் போட்டிருந்த துப்பட்டாவைத் தடவிப் பார்த்து, "பாலியஸ்டர். இதையும் கழட்டி வச்சிருங்க பாப்பா" என்றார் போர்மேன். செயற்கை இழையில் நிலைமின்சாரம் ஏறும். அறைக்குள் நுழையும் முன் சுவரில் பதித்த தாமிரத் தகட்டை ஒரு தடவை தொட வேண்டும். உடம்பில் இருக்கிற மின்சாரம் மண்ணுக்கு இறங்கிவிடும்.

கரிசல் பொட்டலில் தள்ளித் தள்ளிக் கட்டிய சின்னச் சின்ன அறைகள். ஓர் அறைக்கும் அடுத்ததற்கும் இவ்வளவு தூரம், ஓர் அறைக்குள் இத்தனை பேர்தான் என்று சட்டமே அளந்து வைத்திருக்கிறது. பெரும்பாலும் நான்கு பேர். எந்தப் பக்கமும் ஓடித் தப்பிக்கும்படி வாசல்கள். மருந்து கலப்பது விடிகாலையில், வெயில் ஏறுவதற்குள். கலந்த மருந்து அன்றே தீர வேண்டும். மிச்சம் வைத்தால் இரவின் ஈரத்தில் அது சூடேறும். மிச்சத்தைத் தூக்கிக் கொட்டப் போய் நடந்த விபத்துகள் உண்டு. உரிமத்தையும் இங்கே பதவிப் பெயராலும் ஊர்ப் பெயராலும் அழைக்கிறார்கள்: டி.ஆர்.ஓ. லைசென்ஸ், சென்னை லைசென்ஸ், நாக்பூர் லைசென்ஸ். எத்தனை கிலோ மருந்து, எந்த ரகம் என்பதைப் பொறுத்து அதிகாரம் மேலே போகிறது. மத்திய வெடிபொருள் பாதுகாப்பு நிறுவனத்தின் தலைமையகம் நாக்பூரில்.

விதிகளைப் பார்த்தால் குறை சொல்ல முடியாது. பிரச்சினை விதியில் இல்லை, உள்குத்தகையில் இருக்கிறது. உரிமம் வாங்கியவர் அறைகளைப் பிரித்துப் பலருக்கு விட்டுவிடுவார். வாடகை கொடுத்தவருக்குத் தீபாவளிக்குள் போட்ட பணத்தை எடுக்க வேண்டும். நான்கு பேர் இருக்க வேண்டிய அறையில் பத்துப் பேர், மரத்தடியில் நான்கு பேர், வானில் விரிந்து வெடிக்கும் பேன்சி ரகம் அனுமதியில்லாத இடத்தில். 2021 பிப்ரவரி 12-ஆம் தேதி சாத்தூரை அடுத்த அச்சங்குளத்தில் இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தபோதும் உள்குத்தகை என்ற சொல்தான் செய்திகளில் அடிபட்டது. உள்குத்தகை ஆள் பதிவேட்டில் இருக்க மாட்டார். பதிவேட்டில் இல்லாவிட்டால் ஈ.எஸ்.ஐ. இல்லை, பி.எஃப். இல்லை. சிவகாசியில் ஈ.எஸ்.ஐ. மருத்துவமனை இருக்கிறது, அதன் கதவுக்குப் போகும் அட்டைதான் இல்லை.

இதைச் சரிசெய்ய லெஸ்டரிலிருந்து வந்தவளால் ஆகுமா? உள்ளூர் பெண்ணுக்கே ஆகாத காரியம். ஆனால் அட்டைக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுக்க, கூலிச் சீட்டைச் சேர்த்துவைக்கச் சொல்ல, தொழிலாளர் அலுவலகத்துக்குக் கூடப் போக ஓர் உள்ளூர் பட்டதாரிப் பெண்ணால் முடியும். போர்மேன் இதைச் சொல்லவில்லை, நான் சொல்கிறேன். அவர் சொன்னது வேறு: "பாப்பா, நீங்க எழுதுறதெல்லாம் எழுதுங்க. கம்பெனி பேரு மட்டும் வேண்டாம்."

மத்தியான வெயிலுக்கு ஒதுங்க சாட்சியாபுரம் போனோம். சிவகாசியை ஒட்டிய ஊர். சர்ச் மிஷன் சங்கத்தார் வேரூன்றிய இடம். வெளிநாட்டிலிருந்து இந்தப் பொட்டலுக்குத் தானாக வந்தவர்களின் வரிசையில் முன்னால் நிற்பவர் தாமஸ் ராக்லண்ட். கேம்பிரிட்ஜில் கணிதத்தில் பேர் வாங்கியவர். பங்களாவில் உட்கார்ந்து ஊழியம் செய்வதில் அவருக்கு ஒப்புதல் இல்லை; வட திருநெல்வேலி என்று அப்போது சொல்லப்பட்ட இந்தக் கரிசல் ஊர்களில் கூடாரத்தைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக அலைந்தார். நுரையீரல் நோயோடு அலைந்து, 1858 அக்டோபரில் சிவகாசியிலேயே இறந்தார். அவர் வந்தது மதத்துக்காக, மருத்துவத்துக்காக அல்ல. அதை மறைக்க வேண்டியதில்லை. டோனாவூரில் ஊழியம் செய்த ஏமி கார்மைக்கேல் பிற்பாடு அவர் வரலாற்றை எழுதினார். நுரையீரல் விஷயத்துக்கு இந்த ஊரில் இவ்வளவு பழைய கணக்கு இருக்கிறது என்பதுதான் எனக்குத் தோன்றியது.

"எவ்வளவு நாள் இருந்தார்?" என்று கேட்டாள் அக்கா மகள்.

சாகும்வரை என்றேன். அவளுக்கு இன்னொருவர் கதையையும் சொன்னேன். ரால்ஃப் ரிச்சர்ட் கெய்த்தான், அமெரிக்காவின் மின்னசோட்டாக்காரர். 1925-இல் அமெரிக்க மதுரை மிஷனுக்கு வந்தார். கதர் கட்டினார், காந்தியின் ஆட்களோடு பழகினார், 1930-இல் வெள்ளை அரசாங்கம் அவரை நாட்டை விட்டு அனுப்பியது. திரும்பி வந்தார். 1944-இல் மறுபடியும் அனுப்பியது. சுதந்திரத்துக்குப் பிறகு மறுபடியும் வந்தார். திண்டுக்கல் பக்கத்தில் டாக்டர் சௌந்தரம் 1947-இல் தொடங்கிய காந்திகிராமத்தோடு அவர் பெயர் பிரிக்க முடியாதபடி சேர்ந்துவிட்டது. அதே காந்திகிராமத்தில்தான் பின்னர் ஆத்தூர் வட்டாரச் சுகாதாரப் பணி நடந்தது. கிராமச் சுகாதாரப் பயிற்சிக்கென்று ஒரு நிறுவனமே எழுந்தது. பத்தலகுண்டு அருகே ஜி. கல்லுப்பட்டியில் பிரதர் ஜேம்ஸ் கிம்ப்டன் என்ற பிரிட்டன்காரர் இருந்தார்; இலங்கையிலிருந்து அனுப்பப்பட்டு இங்கே வந்தவர், 2017-இல் இங்கேயே மண்ணில் கலந்தார். வீடு, கிணறு, பிள்ளைகளுக்கு இல்லம் என்று கட்டிக்கொண்டே இருந்தார். இவர்களெல்லாம் தொண்டுக்கு வந்தவர்கள் என்பதைவிடக் குடிவந்தவர்கள் என்பதுதான் சரி.

"அப்ப ஆறு வாரம் வர்றவங்க எல்லாம் வேஸ்ட்டா மாமா?"

அப்படியும் சொல்லிவிட முடியாது. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை 1976-இல் பதினொரு படுக்கையோடு தொடங்கியது. அதன் நிறுவனர் கோவிந்தப்ப வெங்கடசாமி இந்தக் கரிசல்காட்டுப் பிள்ளைதான், எட்டயபுரம் பக்கத்து வடமலாபுரத்தில் பிறந்தவர். பெரியம்மை ஒழிப்பில் வேலை பார்த்தவர்கள் சேர்ந்து அமெரிக்காவில் 1978-இல் தொடங்கிய சேவா அறக்கட்டளை அரவிந்தோடு கைகோத்தது. அவர்கள் வழியாக வந்த டேவிட் கிரீன் என்பவர், கண்ணுக்குள் வைக்கும் லென்ஸை இங்கேயே தயாரிக்கும் தொழில்நுட்பத்தை ஏற்பாடு செய்து கொடுத்தார். 1992-இல் ஆரோலேப் வந்தது. நூறு டாலருக்கு மேல் விற்ற லென்ஸ் பத்து டாலருக்குள் இறங்கியது. அவர் யாருக்கும் கண்புரை அறுவை செய்யவில்லை. அதைச் செய்ய மதுரையில் ஆள் இருந்தார்கள். ஆள் இல்லாத இடம் எது என்று பார்த்து அதில் கை வைத்தார்.

மாலை, ஒரு கிராமத்துத் துணைச் சுகாதார நிலையத்தின் திண்ணையில் மக்களைத் தேடி மருத்துவத் திட்டத்தின் தன்னார்வலர் ஒருவரைச் சந்தித்தோம். நாற்பது வயதிருக்கும். தோளில் பை, பைக்குள் ரத்த அழுத்தக் கருவி, சர்க்கரை பார்க்கும் கருவி, மாத்திரைப் பட்டைகள், ஒரு கைப்பேசி. அந்தத் திட்டம் 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கி மாநிலம் முழுக்கப் பரவியது. வீடு வீடாகப் போய் பிரஷர், சுகர் பார்த்து மாத்திரை கொடுப்பது இவர் வேலை. ஊக்கத்தொகை மாதம் ஐயாயிரத்து ஐநூறு. சம்பளம் என்று அரசாங்கம் சொல்வதில்லை.

"நீங்களும் தன்னார்வலரா? நானும் அதேதான்" என்று அக்கா மகள் கையை நீட்டினாள்.

"நல்லது தாயி. ஒங்களுக்கு எம்புட்டுக் குடுக்காக?"

இவள் கட்டிய தொகையை, ரூபாயில் மாற்றி, மெதுவாகச் சொன்னாள். அந்தத் தன்னார்வலர் அக்கா வருஷம் முழுக்க நடந்து வாங்குவதைவிட அது அதிகம். அக்கா அதிர்ச்சி அடையவில்லை, கோபப்படவும் இல்லை. "அப்ப ஊருக்குப் போறப்ப பில்லு கேட்டு வாங்கிக்கங்க" என்றார்.

படிவத்தை அவரிடம் காட்டினோம். முழுவதும் படித்தார். பதினேழாவது கேள்வியில் 'சுவாசக் கோளாறு' என்று இருந்ததை 'எளைப்பு' என்று திருத்தினார். பிறகு என்னைப் பார்த்து, "அண்ணாச்சி, இதுக்கு அனுமதி வாங்கியிருக்கீகளா?" என்று கேட்டார். வாங்கவில்லை. அவர் கேட்டது நியாயம். அக்கா மகளிடம் இந்திய வம்சாவளியினருக்கான ஓ.சி.ஐ. அட்டை இருக்கிறது, விசா தொல்லை கிடையாது. ஆனால் 2021 மார்ச் அறிவிக்கையின்படி அந்த அட்டைக்காரர்கள் இங்கே ஆய்வு செய்ய வேண்டுமென்றால் தனி அனுமதி வாங்க வேண்டும். சுற்றுலா விசாவில் வருகிற மற்ற வெளிநாட்டவருக்கு, காசு வாங்காத குறுகிய காலத் தொண்டு ஒரு மாதம் வரைதான். வெளிநாட்டுப் பணம் வாங்கும் தொண்டு நிறுவனங்களுக்கு 2020 திருத்தத்துக்குப் பிறகு கடிவாளம் இன்னும் இறுக்கம்: பணம் டெல்லியில் ஒரே வங்கிக் கிளை வழியாகத்தான் வர வேண்டும், ஒரு நிறுவனம் வாங்கியதை இன்னொரு சின்ன நிறுவனத்துக்குப் பிரித்துக் கொடுக்க முடியாது. கிராமத்தில் நாலு பேர் நடத்தும் அமைப்புக்கு மேலேயிருந்து கசிந்துகொண்டிருந்த தண்ணீர் அதோடு நின்றது. சந்தேகத்துக்குக் காரணமே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் பெரிய ஆட்களைப் பிடிக்கப் போட்ட வலையில் முதலில் மாட்டியது சின்ன ஆட்கள்.

படிவம் பைக்குள் போனது. அடுத்து, லெஸ்டரிலிருந்து கொண்டுவந்த பிளாஸ்டிக் குழாய்களை வெளியே எடுத்தாள். மூச்சை இழுத்து ஒரே ஊதாக ஊதினால் முள் நகர்ந்து ஓர் எண்ணைக் காட்டும். இளைப்பு நோயாளிகள் வீட்டில் வைத்துக்கொள்வது. சீசன் தொடக்கத்தில் ஒரு தடவை, தீபாவளிக்கு முன்னால் ஒரு தடவை ஊதிப் பார்த்தால் மூச்சு குறைந்திருக்கிறதா என்று தெரியும். யோசனை எனக்குப் பிடித்திருந்தது. அக்காவும் ஊதிப் பார்த்தார், சிரித்தார். பிறகு கேட்டார்: "சரி, ஒரு பிள்ளைக்கு நம்பர் கொறைஞ்சிருச்சுன்னு வைங்க. போர்மேன் காதுக்குப் போனா அவளை வேலைக்குக் கூப்பிடுவாரா?"

இதற்குப் பாடப்புத்தகத்தில் பதில் இல்லை. அளந்து சொல்கிறவர் கையில் மாற்று வேலை இல்லாதபோது, அளவு அந்தப் பெண்ணுக்கு எதிரான சாட்சியாகிவிடும்.

டெல்லியின் நினைவு வந்தது. 2015-இல் பெற்றோர் வழியாக உச்ச நீதிமன்றத்துக்குப் போன மனுதாரர்கள் மூன்று பச்சைக் குழந்தைகள். பட்டாசுப் புகையால் எங்கள் நுரையீரல் கெடுகிறது என்பது அவர்கள் வழக்கு. அதன் தொடர்ச்சியாக 2018 அக்டோபரில் பேரியம் உப்புக்கும் சரவெடிக்கும் தடை வந்தது. பசுமைப் பட்டாசு வந்தது, நாக்பூரின் நீரி ஆய்வகம் கலவை வகுத்துக் கொடுத்தது. குழந்தைகள் கேட்டது தப்பே இல்லை. ஆனால் அந்தப் பேரியத்தைத் தன் கையால் குழாயில் அடைத்துக்கொண்டிருந்தவளின் நுரையீரல் அந்த வழக்கில் எந்தப் பக்கம் இருந்தது? அவள் பக்கத்துக்குப் பேச வந்த வாதமெல்லாம் அவள் கூலியைப் பற்றியதாகத்தான் இருந்தது, மூச்சைப் பற்றியதாக அல்ல. வழக்கமாக எல்லா இடத்திலும் நடப்பதுதான், இங்கே கொஞ்சம் அப்பட்டம்.

வெளியிலிருந்து வந்த கண் இந்த ஊருக்கு ஒரு தடவை நிஜமாகவே உதவியிருக்கிறது. பொழுது இறங்கியபின் நாங்கள் பேசிக்கொண்டிருந்த ஒரு வீட்டு முற்றத்தில், விளக்கடியில் உட்கார்ந்து காகிதக் குழாய் உருட்டிக்கொண்டிருந்த அம்மாளுக்கு ஐம்பது வயதுக்கு மேல். மருந்தில்லாத வெறும் குழாய். வீட்டிலேயே உருட்டிக் கொடுக்கலாம். பேசும்போது கை ஒரு தடவைகூட நிற்கவில்லை. "ஆறு வயசுல தீப்பெட்டி ஆபீசுக்குப் போனேன். விடியாக்காலை வண்டி வரும், தூக்கத்துலயே தூக்கிப் போடுவாக. ஒருக்க வெள்ளைக்காரக கேமராவோட வந்தாக. கணக்குப்பிள்ளை எங்களையெல்லாம் பொட்டி அறைக்குள்ள விட்டுப் பூட்டிட்டாரு. உள்ள இருந்து சிரிச்சோம்."

'குட்டி ஜப்பான்' என்று பேர் வாங்கிய ஊர் அதே காலத்தில் குழந்தைத் தொழிலாளர் ஊர் என்றும் பேர் வாங்கியது. 1983-இல் ஸ்மிது கோத்தாரி எழுதிய கட்டுரை, பிற்பாடு சலம் பென்னுர்கர் எடுத்த குட்டி ஜப்பானின் குழந்தைகள் ஆவணப்படம், வெளிநாட்டுப் பத்திரிகைகள் எல்லாமாகச் சேர்ந்து நெருக்கின. 1986-இல் சட்டம், 1988-இல் தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டம். எம்.சி. மேத்தா தொடுத்த சிவகாசி வழக்கில் 1996 டிசம்பரில் தீர்ப்பு: வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும். அதற்கு நடுவில் சத்துணவும் பள்ளிக்கூடங்களும் தம் வேலையைச் செய்துகொண்டிருந்தன. இந்த அம்மாளின் மகள் பி.காம். முடித்துவிட்டு அச்சகத்தில் கணினி முன் உட்கார்ந்திருக்கிறாள்.

கேமராக்காரர்கள் எத்தனை நாள் இருந்திருப்பார்கள்? இரண்டு நாளா, மூன்று நாளா? அவர்கள் இங்கே யாருக்கும் பாடம் நடத்தவில்லை, சுவருக்கு வர்ணம் பூசவில்லை. உள்ளூர்க்காரன் சொன்னால் வேலை போகும் என்ற ஒரு விஷயத்தை, வேலை போகாத ஆள் சொல்லிவிட்டுப் போனான். குறுகிய காலத்துக்கு வருகிறவரால் ஆகக்கூடிய காரியங்களில் இதுவும் ஒன்று என்று அக்கா மகளிடம் சொன்னேன். ஆனால் பூட்டிய அறைக்குள் சிரித்த பிள்ளையிடம் யாரும் எதையும் கேட்கவில்லை என்பதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

கேட்கும் வித்தை ஒன்று இதே மாவட்டத்தில் பழகிப் பார்க்கப்பட்டது என்பது பலருக்குத் தெரியாது. விருதுநகர், காமராசர் மாவட்டம் என்று பெயர் கொண்டிருந்த நாட்கள். 1990-களின் தொடக்கத்தில், மதுரையைச் சேர்ந்த ஸ்பீச் என்ற தொண்டு நிறுவனம், லண்டன் ஆய்வாளர்களோடு சேர்ந்து இங்குள்ள கிராமங்களில் ஒரு முறையைச் செய்து பார்த்தது. இங்கிலாந்தின் ராபர்ட் சேம்பர்ஸ் ஹைதராபாத்தில் இருந்துகொண்டு அதைப் பரப்பிக்கொண்டிருந்த சமயம். ஊரைப் பற்றி வெளியாள் படிவத்தில் எழுதுவதற்குப் பதில், ஊர்க்காரர்களே கோலமாவை எடுத்துத் தரையில் ஊர்ப்படம் போடுவார்கள்: கண்மாய் எங்கே, யார் வீடு எங்கே, எந்தத் தெருவுக்குத் தண்ணீர் வராது. மாதத்துக்கு ஒரு கட்டம் கீறி, மழை எப்போது, நோய் எப்போது, கடன் எப்போது என்று விதைகளை வைப்பார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவரும் வைக்கலாம். தப்பு என்று நினைத்தால் இன்னொருவர் நகர்த்தலாம். உலகம் முழுக்கப் பயிற்சி வகுப்புகளில் இன்று கற்றுக்கொடுக்கிறார்கள். லெஸ்டரிலும் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள், இவளுக்கு அந்த முறை தெரியும். அது பழகிய மண்ணில் சிலது தன் தாய் ஊருக்குப் பக்கத்தில் என்றுதான் தெரியாது.

இரவு எட்டரைக்கு மேல், ஊர்ச் சாவடியில் பெண்கள் கூடினார்கள். நாங்கள் கூட்டவில்லை. பையைத் தோளில் போட்ட அந்த அக்கா கூட்டினார். தலையிலிருந்து கால்வரை குளித்துவிட்டு வந்தவர்கள்; ஆனாலும் நகக்கண்ணில் மினுக்கம். சித்திரையிலிருந்து பங்குனிவரை பன்னிரண்டு கட்டம் கரித்துண்டால் கீறினார் அக்கா. புளியங்கொட்டை வந்தது. இருமல் கொட்டைகள் ஆடி, ஆவணி, புரட்டாசியில் குவிந்தன. ஆர்டர் நெருக்கும் மாதங்கள். கடன் கொட்டைகள் இரண்டு இடத்தில் குவிந்தன: பள்ளிக்கூடம் திறக்கும்போது ஒன்று, தீபாவளி முடிந்து பயர் ஆபீஸ் மூடிக் கிடக்கும் கார்த்திகையில் ஒன்று. ஒரு கிழவி எழுந்து வந்து கார்த்திகைக் கொட்டையில் பாதியை மார்கழிக்குத் தள்ளினார். "கார்த்திகையில கடன்காரன் வர மாட்டான். மார்கழியிலதான் வருவான்." எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். நாற்பது கேள்விப் படிவத்தில் கடன்காரன் எங்குமே இல்லை.

அதன் பிறகு தீக்காயம். அக்கா மகள் பேசினாள். அவளுக்கு நன்றாகத் தெரிந்த விஷயம். பேனா மை ஊற்றக்கூடாது, மாவு பூசக்கூடாது, பற்பசை தடவக்கூடாது, ஐஸ் வைக்கக்கூடாது. துணி தோலோடு ஒட்டியிருந்தால் பிய்க்கக்கூடாது. மோதிரம், வளையல் வீங்குவதற்குள் கழற்ற வேண்டும். குளிர்ந்த குழாய்த் தண்ணீரை இருபது நிமிஷம் காயத்தின் மேல் ஓட விட வேண்டும். 108-ஐக் கூப்பிட வேண்டும்.

"இருபது நிமிஷமா?" என்றார் பின்வரிசையில் ஒருவர். "எங்க தெருவுக்குத் தாமிரபரணித் தண்ணி வாரத்துக்கு ஒருக்க வருது. வந்தாலும் இருபது நிமிஷம் வராது."

சாவடியே சிரித்தது. இவள் முகம் சிவந்துவிட்டது. ஆனால் தப்பித்துப் போகவில்லை, யோசித்தாள். ஓடும் தண்ணீர்தான் சிறந்தது, ஆனால் அதே தண்ணீரை அகலமான பாத்திரத்தில் பிடித்துச் சொம்பால் மொண்டு மொண்டு ஊற்றலாம், சுத்தமான துணியை நனைத்து நனைத்துப் போடலாம் என்றாள். எவ்வளவு தண்ணீர் வேண்டும் என்று அக்கா கேட்டார். இரண்டு குடம் இருந்தால் ஒரு கைக்குச் சமாளிக்கலாம் என்று முடிவாயிற்று. அப்படியானால் ஒவ்வொரு அறைக்கு வெளியேயும் மணல் வாளியோடு மூடி போட்ட இரண்டு குடம் இருக்க வேண்டும். இருக்கிறதா? சில ஆபீசில் இருக்கிறது, சில ஆபீசில் வாளி மட்டும் இருக்கிறது. யார் யார் எந்த ஆபீஸ் என்று அக்கா தன் நோட்டில் குறித்துக்கொண்டார். இவள் குறிக்கவில்லை.

இன்னொன்றும் அக்காதான் சொன்னார். வெடிச்சத்தம் கேட்டால் ஓடிப் போய்ப் பார்க்கக்கூடாது. 2012 செப்டம்பர் 5-ஆம் தேதி முதலிப்பட்டியில் ஏறத்தாழ நாற்பது பேர் இறந்தார்கள். அதில் அந்த ஆபீசில் வேலை பார்க்காதவர்கள் பலர். முதல் வெடிக்குப் பிறகு காப்பாற்றவும் பார்க்கவும் பக்கத்திலிருந்து ஓடி வந்தவர்களை அடுத்த வெடி தூக்கிக்கொண்டது. சாவடியில் யாரும் சிரிக்கவில்லை. இங்கே உதவிக்கு ஓடுவதற்கு யாருக்கும் பயிற்சி தேவையில்லை. எப்போது ஓடக்கூடாது என்பதற்குத்தான் தேவை. இரண்டு பர்லாங் தள்ளி நில்லுங்கள், வழியை 108-க்கு விடுங்கள், தீயணைப்பு வண்டி வரும்வரை உள்ளே போகாதீர்கள் என்று அக்கா திரும்பத் திரும்பச் சொன்னார். ஒரு பெண் கேட்டாள்: "உள்ள எம் புருசன் இருந்தா?" அதற்கு அக்கா பதில் சொல்லவில்லை, நானும் சொல்ல மாட்டேன்.

கூட்டம் கலைவதற்கு முன் அக்கா மகள் அந்தப் பிளாஸ்டிக் குழாய்களை அக்காவிடமே கொடுத்துவிட்டாள். எண்ணைப் பதிவேட்டில் எழுதாமல், ஊதிப் பார்த்த பெண்ணிடம் மட்டும் சொல்லி அவளையே நினைவில் வைத்துக்கொள்ளச் சொல்வதாக ஏற்பாடு. ரொம்பக் குறைந்தால், கம்பெனிக்குத் தெரியாமல், விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அக்கா கூட்டிப் போவார். கல்லூரி 2022 ஜனவரியில் வந்ததிலிருந்து மதுரைக்கு ஓட வேண்டிய அலைச்சல் கொஞ்சம் குறைந்திருக்கிறது என்றார். பேருந்துக் காசுக்கு என்ன செய்வது என்று பேச்சு வந்தது. ஏற்பாட்டாளரிடம் மீதிப் பணத்தைத் திருப்பிக் கேட்டால் கொடுப்பார்களா என்று இவள் என்னைக் கேட்டாள். எனக்கு நம்பிக்கை இல்லை. கேட்டுப் பார் என்றேன்.

தண்ணீர்க் குடம் வைக்காத ஆபீசுகளில் போர்மேனிடம் பேச யார் போவது என்று முடிவு செய்ய அடுத்த கூட்டம் வேண்டும் என்றார்கள். வெள்ளிக்கிழமை வேண்டாம், கூலி போடுகிற நாள், சனிக்கிழமை ராத்திரி என்று ஒத்துக்கொண்டார்கள். அந்தச் சனிக்கிழமைக்கு முந்தின செவ்வாயே இவளுக்கு மதுரையிலிருந்து விமானம். தேதியை மாற்றலாமா என்று அவளும் கேட்கவில்லை, அவர்களும் கேட்கவில்லை.